பேர் தெரியாத நோயும் அரிசிம்பருப்புச் சாதமும்

கொலனோஸ்கோபி அறிக்கையில் நான்கு வண்ணப் படங்கள். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் மூலையில் வெள்ளை படிந்த புண்கள். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: கிரோன்ஸ் அல்லது குடல் காசநோய். அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

கோவை மருத்துவமனை ஒன்றின் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, மஞ்சப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கேள்விக்குறியின் மேல் விரலை வைத்தார். "ஏனுங்க, இத்தன டெஸ்ட் எடுத்தும் டாக்டருக்கே தெரியலீங்களா?" மகன் பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவன். ஆறு மாதமாக வலது அடிவயிற்றில் வலி, வாரத்தில் நாலு நாள் வயிற்றோட்டம், சாயந்திரமானால் காய்ச்சல். பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தான்.

அந்தக் கேள்விக்குறி ஏன் வருகிறது, அது நீங்கும்வரை வீட்டில் என்ன சமைப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

ஒரே மூலையில் இரண்டு நோய்

கிரோன் என்பது நியூயார்க் மவுண்ட் சைனாய் மருத்துவமனை மருத்துவரின் பெயர். 1932-ல் பர்ரில் கிரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் மூவரும் 14 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆங்கில அகரவரிசையில் கிரோன் முதலில் வந்ததால் நோய்க்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்பே, 1913-ல், ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் கென்னடி டால்சியல் இதே மாதிரிக் குடல்களைப் பார்த்து, காசநோய் போல இருக்கிறது, ஆனால் காசநோய்க் கிருமி இல்லையே என்று எழுதியிருக்கிறார். ஆக, பல்லடத்துத் தாயின் குழப்பத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது.

கிரோனில் நம் எதிர்ப்புச் சக்தியே குடலின் மேல் பாய்கிறது. வாயிலிருந்து ஆசனவாய்வரை எங்கு வேண்டுமானாலும் புண் வரலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதி அதற்கு ரொம்பப் பிடித்த இடம். குடல் காசநோய்க்கும் அதே இடம்தான் பிடிக்கும். இரண்டிலும் வலி, எடை இறக்கம், ரத்தசோகை, நாளாவட்டத்தில் குடல் சுருக்கம். மேலைநாட்டில் இப்படி ஒரு குடலைப் பார்த்தால் கிரோன் என்ற பெயர்தான் முதலில் வரும். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் வாழும் நம் நாட்டில் அந்த அவசரம் கூடாது.

கொங்கு நாட்டுக்கு இது ஒன்றும் புதுக் கதையில்லை. பெருந்துறைக்குப் பக்கத்தில் சானடோரியம் என்றே ஓர் இடத்துக்குப் பெயர். காசநோயாளிகளைக் காற்றோட்டமான இடத்தில் மாதக்கணக்கில் தங்கவைத்த காலத்தின் மிச்சம் அது. இன்று அங்கே அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. நோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் அதே பலன் கிடைக்கும் என்று உலகத்துக்கு நிரூபித்ததும் தமிழ்நாடுதான், 1950-களின் கடைசியில் சென்னையில் நடந்த ஆய்வில்.

இரண்டையும் பிரிக்கத் துப்புகள் உண்டு. மாலைக் காய்ச்சல், வயிற்றில் நீர், நுரையீரலில் பழைய தழும்பு, குடலில் குறுக்குவாட்டில் புண் என்றால் காசநோயின் பக்கம் தராசு சாயும். வருடக்கணக்காக விட்டுவிட்டு வரும் வயிற்றோட்டம், மலத்தில் ரத்தம், ஆசனவாயருகே பவுத்திரம், குடலில் நீளவாட்டில் புண், நடுவில் நல்ல குடல், மறுபடி புண் என்றால் கிரோனின் பக்கம். பயாப்சியில் காசநோய்க்கே உரிய அழுகல் முடிச்சு தெரிந்தால் வழக்கு முடிந்தது. ஆனால் பாதிப் பேருக்குக்கூட அது தெரிவதில்லை. கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்; அதிலும் கிருமி வரவில்லை என்பதால் காசநோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

மருந்தே சோதனையாகும்போது

இந்த இடத்தில்தான் பல வீடுகள் கலங்கிப்போகின்றன. "காசநோய்னு உறுதியாகல, ஆனா காசநோய் மாத்திரை தர்றாங்க" என்பது குற்றச்சாட்டுப் போல வருகிறது. எனக்கென்னவோ மருத்துவர் காட்டும் இந்த நிதானம் சரியென்றே படுகிறது. காசநோய் இருப்பவருக்குக் கிரோன் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால், ரெண்டு வாரம் ஆஹா என்றிருக்கும். அதற்குள் கிருமி உடம்பெங்கும் பரவிவிடக்கூடும். கிரோன் இருப்பவருக்கு இரண்டு மூன்று மாதம் காசநோய் மாத்திரை கொடுப்பதில் அந்த அளவுக்கு ஆபத்தில்லை.

ஆனால் அந்தச் சோதனைக்கு ஒரு முடிவு தேதி வேண்டும். வலி குறைந்ததே, பசிக்கிறதே என்று வீட்டில் தீர்ப்பெழுதக் கூடாது. கிரோனும் இடையில் தானாக அடங்கும். இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி கொலனோஸ்கோபி பார்த்து, புண் ஆறியிருந்தால் காசநோய். ஆறு மாத மருந்தை முடிக்க வேண்டும். ஆறவில்லையென்றால் கிரோனா என்று மறுபடி யோசிக்க வேண்டும். மருந்துக்கு அடங்காத காசநோயா என்பதையும் பார்ப்பார்கள். மறுபடி குழாய் விடுவதற்குப் பயந்து இந்தத் தேதியைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். கிரோனுக்குக் காசநோய் மருந்தை மாதக்கணக்கில் இழுத்தால் குடல் சத்தமில்லாமல் சுருங்கிக்கொண்டே போகும்.

மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம், பயம் வேண்டாம். கண் மஞ்சளானாலோ, சோறு கண்டாலே குமட்டினாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். காசநோயாளி என்று பதிவான எல்லோருக்கும், குடல் காசநோய் உட்பட, மருந்து இலவசம். மத்திய அரசின் நிக்சய் திட்டத்தில் சத்துணவுக்காகத் தரும் உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். தமிழக அரசு 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் முதலில் கவனிப்பது எடை, கால் வீக்கம், மூச்சு, ஆக்சிஜன் அளவு, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பதையெல்லாம்தான். எடைக்கு அத்தனை மதிப்பு.

குடலேத்தம், தொக்கம், பவுத்திர போர்டு

இந்த நோயாளிகளில் பலர் குடல் மருத்துவரிடம் வருவதற்குள் மூன்று கதவாவது தட்டியிருப்பார்கள். முதலில் குடலேத்தம் என்று எண்ணெய் தடவித் தட்டுவார்கள். அப்புறம் சாப்பிட்டது ஏதோ வயிற்றில் தங்கிவிட்டது என்று தொக்கம் எடுப்பார்கள். ஆசனவாயில் சீழ் வந்தால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ‘மூலம், பவுத்திரம்’ என்று போர்டு மாட்டிய இடம். அங்கே ஒரு ஊசி, ஒரு நூல். இளவயதில் திரும்பத் திரும்ப வரும் பவுத்திரத்துக்குப் பின்னால் கிரோன் இருக்கலாம் என்று அந்த போர்டு சொல்வதில்லை.

நம் ஊர்ப் பெரியவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வயிறு சுத்தமாகட்டும் என்று விளக்கெண்ணெய் கொடுப்பதை மட்டும் கைகூப்பி நிறுத்தச் சொல்வேன். குடல் சுருங்கியிருக்கும் ஒருவருக்குப் பேதி கொடுப்பது, அடைத்த சாக்கடையில் மோட்டார் போட்டுத் தண்ணீர் அடிப்பது மாதிரி. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வலி மாத்திரைகளும் குடல் புண்ணைக் கிளறும். பீடி, சிகரெட் கிரோனை மோசமாக்கும் என்பதில் இரண்டாவது கருத்தே இல்லை.

தட்டு காத்திருக்காது

நோய்க்குப் பெயர் வர மூன்று மாதம் ஆகலாம். அதுவரை பட்டினி கிடக்க முடியாது. நோயாளிகள் செய்யும் பெரிய தவறும் இங்கேதான். சாப்பிட்டால் வலிக்கிறது என்று முதலில் காரத்தை விடுவார்கள், பிறகு பருப்பை, பாலை, கறியை, முட்டையை. கடைசியில் தட்டில் மிஞ்சுவது கஞ்சி மட்டும். ஜார்க்கண்டில் நுரையீரல் காசநோயாளிகளிடையே நடந்து 2023-ல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வில், முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறியவர்களிடம் இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. கிரோனிலும் மெலிந்த உடம்பில் அறுவைப் புண் லேசில் ஆறாது. எந்தப் பக்கம் தீர்ப்பு வந்தாலும் எடை வேண்டும்.

கிரோனுக்கென்று எல்லோருக்கும் பொதுவான ஒரே பத்தியம் கிடையாது. உணவு அந்த நோயைத் தனியாகக் கொண்டுவருவதுமில்லை. அம்மா சமைத்ததால் வந்தது என்ற குற்ற உணர்வும் வேண்டாம். மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: குடலில் சுருக்கம் இருக்கிறதா? இருந்தால் நார், தொலி, விதை, கொட்டை எதுவும் அந்தச் சந்தில் சிக்கிக்கொள்ளும். வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, மக்காச்சோளம், பலாச்சுளை, கொய்யா விதை, முழு நிலக்கடலை எல்லாம் அப்போது ஆகாது. சுருக்கம் இல்லாதவர் இவற்றுக்கெல்லாம் பயப்பட வேண்டியதில்லை.

கொங்கு அடுப்படியை நம்பலாம். அரிசிம்பருப்புச் சாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியில் பாதி அளவுக்குத் துவரம்பருப்பு, வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு தண்ணீர், குக்கரில் ரெண்டு விசில் கூடுதல். சின்ன வெங்காயமும் பூண்டும் தாளிப்பில் கரையும்வரை வதங்கட்டும். தக்காளியைத் தொலி உரித்து விதை நீக்கிப் போடலாம். வரமிளகாய் பாதி, தேங்காய்ச் சில்லு வேண்டாம். இறக்கியதும் மத்தால் ஒரு கடை கடைந்து, ஒரு ஸ்பூன் நெய். தட்டில் விட்டால் லேசாக ஓட வேண்டும், அதுதான் பதம். ஒரு கிண்ணம் அதோடு ஒரு அவித்த முட்டை என்றால் நோயாளிக்கு நல்ல சாப்பாடு. முழுத் தட்டாக ஒருவேளை திணிப்பதைவிட நாளைக்கு ஆறு தரம் கிண்ணத்தில் கொடுப்பது நிற்கும்.

இடியாப்பம் மாதிரியான சந்தகை இன்னொரு வரம். மெத்தென்று இருக்கும், சக்கை இல்லை. தேங்காய்ப்பாலைத் தண்ணியாக எடுத்து, நாட்டுச்சக்கரை கொஞ்சமாகப் போட்டுப் பாருங்கள். கொழுப்பு சேராமல் வயிற்றோட்டம் கூடினால் பச்சைப்பயறு கடைசலுக்கு மாறிவிடலாம். ராகியை ஊறவைத்து அரைத்துத் துணியில் வடித்த பாலில் களி கிண்டினால் தொலிச் சிக்கல் இல்லை. கொள்ளு ரசத்தில் தெளிவை மட்டும் இறுத்துக் குடிக்கலாம். சுரைக்காய், சௌசௌ, தொலி சீவிய பீர்க்கங்காய், பரங்கி எல்லாம் நண்பர்கள். கம்பும் சோளமும் புண் அடங்கியபின், ஒவ்வொன்றாக, மூன்று நாள் இடைவெளி விட்டு.

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் நம் பக்கத்தில் சாதாரணம்; அவர்களில் பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும். பச்சைப்பால் வேண்டவே வேண்டாம், வீட்டு மாட்டுப்பாலானாலும் சரி. காசநோய்க் கிருமி அதன் வழியாகவும் வரும். பொட்டலத்தில் வருபவற்றில் கெட்டிப்படுத்தும், கலக்கவைக்கும் ரசாயனங்கள் சேர்ந்தவை மேல் குடல் மருத்துவர்களுக்கு இப்போது சந்தேகம் அதிகம். வயிற்றோட்ட நாளில் பொள்ளாச்சி இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் உப்பு போதாது, ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வையுங்கள்.

உணவால் மட்டும் ஈடுகட்ட முடியாதவையும் உண்டு. வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவது அதே சிறுகுடல் கடைசியில்தான். அங்கே புண் இருந்தால் ஊசி தேவைப்படலாம். இரும்பு, வைட்டமின் டி அளவுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குக் கிரோன் உறுதியானால் ஆறு முதல் எட்டு வாரம் சமையலை அறவே நிறுத்தி, மருத்துவ ஊட்டச்சத்துப் பானம் மட்டும் கொடுத்தே நோயை அடக்குகிறார்கள்; அது மருத்துவர் கண்காணிப்பில் நடக்க வேண்டிய காரியம்.

பந்தியிலும் சம்பந்தத்திலும்

"அட, இன்னும் ஒரு கரண்டி வெச்சுக்குங்க" என்ற உபசாரத்தை மறுப்பது நம் பக்கத்தில் மருந்து சாப்பிடுவதைவிடக் கஷ்டம். பந்திக்குப் போகும்முன் வீட்டில் ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இலையில் ஒரு இட்லி, கொஞ்சம் தயிர்ச்சாதம் போதும். ராத்திரி ஷிப்ட்காரர்கள் மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால், அடிக்கடி கழிப்பறை போவதற்குத் திட்டு விழாது.

வரன் பார்க்கும் வீடுகளில் இதை மறைக்கிறார்கள். மறைத்தால் மாத்திரையும் மறைவாகும், பிறகு நின்றுபோகும். கிரோன் தொற்றாது. நோய் அடங்கியிருக்கும்போது கர்ப்பம் தரிக்கத் தடையில்லை. எந்த மருந்தைத் தொடர்வது, எதை மாற்றுவது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிக்கொள்ள வேண்டும்.

வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியாமல் நின்றால் அது குடல் அடைப்பு. வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம், விடியட்டும் என்ற பேச்சும் வேண்டாம், 108-ஐ அழையுங்கள். கிளம்பும்போது அந்த மஞ்சப்பையை எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள்.