குழுக்களை ஒப்பிடும் புள்ளியியல் சோதனைகள்: வணிக முடிவுகளில் தேர்வின் இடம்

வணிக நிறுவனங்கள் எடுக்கும் முடிவுகளுள் பல ஒப்பீட்டின்வழிப் பிறப்பனவாகும். புதிய விளம்பரத்தால் விற்பனை உயர்ந்ததா, பயிற்சி பெற்ற பணியாளர் மற்றவரினும் திறம்படச் செயல்படுகின்றனரா என்னும் வினாக்களுக்குச் சராசரிகளை அருகருகே வைத்துப் பார்ப்பது மட்டும் விடையாகாது. காணும் வேறுபாடு தற்செயலாய் நேர்ந்திருக்கக் கூடுமா என்பதையும் ஆராய்தல் வேண்டும். அதற்கு எச்சோதனையைக் கொள்வது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட சிக்கலாகும்.

பெரிதும் வழங்கும் டி-சோதனை ஒரு வணிக நிறுவனத்தின் தேவையிலிருந்து தோன்றியதாகும். டப்ளினிலுள்ள கின்னஸ் மதுபான ஆலையில் பணியாற்றிய வில்லியம் சீலி காசெட், மூலப்பொருள்களின் தரத்தைச் சில மாதிரிகளைக் கொண்டே மதிப்பிட வேண்டியிருந்தது. அன்றிருந்த முறைகளோ பெருமாதிரிகளுக்கே பொருந்தின. எனவே சிறுமாதிரிகளுக்குரிய முறையை வகுத்து, 1908இல் ‘ஸ்டூடண்ட்’ என்னும் புனைபெயரில் ‘பயோமெட்ரிக்கா’ இதழில் வெளியிட்டார்.

அக்கட்டுரையில் அவர் ஆண்ட தரவுகளுள் ஒன்று வணிகம் சார்ந்ததன்று. எனினும் நம் சிக்கலை அதனினும் தெளிவாக விளக்குவது அரிது. பத்து நோயாளிகளுக்கு இரு உறக்க மருந்துகள் தரப்பட்டன. உறக்கம் சராசரியாக முதல் மருந்தால் 0.75 மணி நேரமும் இரண்டாவதால் 2.33 மணி நேரமும் கூடியது. இவற்றைத் தொடர்பற்ற இரு குழுக்களாகக் கருதி டி-சோதனை செய்தால் பி-மதிப்பு ஏறத்தாழ 0.08 ஆகும். அஃதாவது, மருந்துகளிடையே உண்மையில் வேறுபாடே இல்லையெனினும் இவ்வளவோ இதனினும் மிகுதியோ ஆன இடைவெளி தோன்றும் நிகழ்தகவு 8 விழுக்காடு. வழக்கமான 5 விழுக்காட்டு எல்லைக்குள் அது அடங்கவில்லை. ஆனால், இரு மருந்துகளையும் உட்கொண்டோர் அதே பத்துப் பேர். ஒவ்வொருவரிடமும் கண்ட வேறுபாட்டைக் கொண்டு இணை டி-சோதனை செய்தால் பி-மதிப்பு 0.003 ஆகக் குறைகிறது. எண்கள் மாறவில்லை, முடிவு மாறிவிட்டது.

ஒரே பத்துக் கடைகளின் விற்பனையை விளம்பரத்திற்கு முன்னும் பின்னும் ஒப்பிடும் மேலாளரின் நிலையும் இதுவே. கடைக்குக் கடை உள்ள இயல்பான ஏற்றத்தாழ்வை நீக்காவிடில் விளம்பரத்தின் பயன் அதனுள் மறைந்துபோகும். கணினி மென்பொருள் இருவகைச் சோதனையையும் தயங்காது செய்து தரும். கடைகள் ஒன்றா வேறா என்பதை அது அறியாது.

நான்கு கிளைகளை ஒப்பிடுங்கால் இவ்விரண்டாக ஆறு டி-சோதனைகள் செய்வோர் உளர். அவை ஒன்றையொன்று சாராதவையெனக் கொண்டால், இல்லாத வேறுபாட்டை ஒருமுறையேனும் இருப்பதாகக் கூறும் வாய்ப்பு 5 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 26 விழுக்காடாகிறது. இங்கு ஃபிஷர் வகுத்த மாறுபாட்டுப் பகுப்பாய்வை முதலிற் செய்தலே முறை.

நகைக்கடை விற்பனை போன்று, சில பெருந்தொகைகள் சராசரியை இழுத்துச் செல்லும் தரவுகளுக்கு, வேதியியலாளர் ஃபிராங்க் வில்காக்சன் 1945இல் அளித்த தரவரிசைச் சோதனைகள் பரிந்துரைக்கப்படுகின்றன. இப்பரிந்துரையை அப்படியே ஏற்பதற்கில்லை. அப்பெருந்தொகைகளும் கடையின் வருவாயே அல்லவா? மொத்த வருவாயைக் கருதும் உரிமையாளருக்குச் சராசரியே தேவை. தரவரிசை வேறொரு வினாவிற்கே விடையளிக்கிறது.