சோள ரொட்டியும் சோர்ந்த உள்ளமும்

மதரஸாவில் பாடம் முடிந்து பிள்ளைகள் கலைந்த பின், சில நாட்களில் வாசலில் ஒரு குடும்பத்தார் காத்து நிற்பர். “உஸ்தாதே, இவளுக்கு உறக்கமே இல்லை. ஓயாமல் அழுகிறாள். கொஞ்சம் தண்ணீர் ஓதித் தாருங்கள்” என்பர். ஓதித் தருகிறேன்; துஆவும் செய்கிறேன். ஆனால், “மருத்துவரிடம் காட்டினீர்களா?” என்று கேட்டால், “இது உடம்பு நோய் இல்லையே!” என்ற மறுமொழியே பெரும்பாலும் வருகிறது.

உள்ளம் சோர்வதற்கும் உடம்புக்கும் தொடர்பில்லை என்பது சரிதானா? நம் நாட்டிலேயே நிகழ்ந்த ஒரு வரலாறு இதற்கு விடை கூறும்.

தக்காணத்தில் கண்ட நோய்

ஐதராபாத்தைச் சூழ்ந்த தக்காணப் பகுதியின் ஏழை மக்கள் சோள ரொட்டியையே பேருணவாகக் கொண்டிருந்தனர். அவர்களுள் பலரைப் ‘பெல்லாக்ரா’ என்னும் நோய் பற்றியது. வெயில் படும் கழுத்து, கை, கால்களில் தோல் கருத்து உரியும், வயிற்றுப்போக்கு வாட்டும், உறக்கம் கெடும், துயரம் கவியும், முற்றினால் அறிவே தடுமாறும்.

மக்காச்சோளத்தை மட்டும் உண்டு வாழ்ந்த அமெரிக்கத் தென்மாநில ஏழைகளிடமும் இந்நோய் இருந்தது. அவர்களுள் பலர் மனநோய் விடுதிகளில் அடைக்கப்பட்டனர். இது தொற்றுநோயன்று, உணவுக் குறையே என்று ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் நிறுவினார். ‘நயாசின்’ என்னும் வைட்டமினே மருந்து என்பது 1937க்குப் பின் தெளிவாயிற்று. சித்தம் கலங்கியிருந்த நோயாளிகள் அதனை உட்கொண்ட சில நாட்களிலேயே தெளிவு பெற்றனர்.

ஆனால் தக்காணத்துச் சோளம் வேறு தானியம். அதில் நயாசினும், உடம்பு நயாசினாக மாற்றிக்கொள்ளும் ‘ட்ரிப்டோபன்’ என்ற அமினோ அமிலமும் பெரிதும் குறைந்திருக்கவில்லை. பின் நோய் ஏன் வந்தது? 1918இல் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் தொடங்கி, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்த ஆய்வுக்கூடமே இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அங்கே, சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலனும் அவருடைய தோழர் ஸ்ரீகாந்தியாவும் இவ்வினாவை ஆராய்ந்தனர். சோளத்தில் மிகுந்துள்ள ‘லியூசின்’ என்ற மற்றோர் அமினோ அமிலம் ட்ரிப்டோபனின் பணியைக் குலைக்கிறது என்று 1960இல் எழுதினர். பிற ஆய்வுக்கூடங்கள் இதனை முழுமையாக ஏற்கவில்லை. எனினும், உண்ணும் உணவு உள்ளத்தைத் தொடும் வழி எது என்று தேடிய அம்முயற்சி மதிப்பிற்குரியது.

ஒரு பொருள், இரு வழிகள்

ட்ரிப்டோபனை நம் உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. உணவிலிருந்தே பெற வேண்டும். உள்ளே சென்றதில் ஒரு சிறு பகுதி ‘செரட்டோனின்’ ஆகிறது. மனநிலை, உறக்கம், பசி ஆகியவற்றில் இதற்குப் பங்குண்டு. மிகப் பெரும்பகுதி ‘கைனுரெனின்’ என்னும் மற்றொரு வழியில் சென்று, இறுதியில் நயாசின் தரும் பயனையே தருகிறது. ஏறத்தாழ 60 மில்லிகிராம் ட்ரிப்டோபனிலிருந்து 1 மில்லிகிராம் நயாசின் கிடைக்கும்.

இவ்விரண்டாம் வழியில்தான் இன்றைய அறிஞர்களின் கவனம் நிலைத்துள்ளது. உடலில் அழற்சி நீடித்தால் ட்ரிப்டோபன் மிகுதியாக இவ்வழியே இழுக்கப்படுகிறது. அப்போது பிறக்கும் ‘குயினோலினிக் அமிலம்’ அளவு மீறினால் நரம்பணுக்களுக்கு நஞ்சாகும். ‘கைனுரெனிக் அமிலம்’ என்பதோ அவற்றைக் காக்கும். இவ்விரண்டின் சமநிலை குலைவதற்கும் அல்சைமர் மறதி நோய், ஹண்டிங்டன் நோய் போன்றவற்றுக்கும் உள்ள தொடர்பு ஆராயப்பட்டு வருகிறது. கல்லீரல் அழற்சிக்கு ‘இன்டர்ஃபெரான்’ ஊசி பெற்றவர்களுள் பலர், முன்பு எக்குறையும் இல்லாதிருந்தும், மனச்சோர்வுக்கு ஆளாயினர். அவர்களுடைய இரத்தத்தில் ட்ரிப்டோபன் குறைந்திருந்தது.

இதனால், ‘செரட்டோனின் குறைந்தது, சோர்வு வந்தது’ என்று எளிதாக முடிவு கட்டிவிடலாகாது. அக்கருத்துக்கு உறுதியான சான்றில்லை என்று 2022இல் வெளியான ஒரு பெரிய மறுஆய்வு கூறிற்று. இழப்பு, வறுமை, தனிமை, பரம்பரை எனக் காரணங்கள் பல. அதற்காக, மருத்துவர் தந்த மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்து.

தாய்மார்களுக்கு

நம் இராஜாக்கமங்கலம் பகுதியில் மரச்சீனிக் கிழங்குடன் மீன்கறி சேர்த்து உண்பது வழக்கம். கிழங்கில் புரதம் மிகக் குறைவு. அக்குறையைச் சாளை மீன் நிறைக்கிறது. முன்னோர் வழக்கம் பொருளற்றதன்று. மீன், முட்டை, பால், பருப்பு, நிலக்கடலை ஆகிய அனைத்திலும் ட்ரிப்டோபன் உண்டு. ஆண்கள் உண்டு எழுந்தபின் எஞ்சிய கிழங்கோடும் குழம்போடும் பசியாறும் பெண்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். மீன் துண்டு அவர்களுக்கும் உரியதே.

ஆயினும் உணவு மட்டுமே மனச்சோர்வைத் தீர்த்துவிடாது. மாத்திரையாக விற்கும் ட்ரிப்டோபனைத் தாமாக வாங்கி உண்ணவும் கூடாது. 1989இல் அமெரிக்காவில் அவ்வாறு உண்டோரிடையே தசைவலி நோய் ஒன்று பரவி, 1,500க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர், உயிரிழந்தோரும் உளர். மாசு கலந்த தயாரிப்பே காரணம் எனப்பட்டது.

இரு வாரங்களுக்கு மேல் உறக்கமின்மையும் அழுகையும் எதிலும் நாட்டமின்மையும் நீடித்தால், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். ‘ஈமான் குறைந்தவள்’ என்று ஏசுவது புண்ணில் உப்பிடுவதாகும். பெல்லாக்ரா கண்டு சித்தம் கலங்கியவரை அன்று பைத்தியம் என்று அடைத்து வைத்தனர்; அவருக்கு வேண்டியிருந்ததோ நல்லுணவும் ஒரு வைட்டமினும்தாம்.

அடுத்த முறை யாரேனும் தண்ணீர் ஓதி வாங்க வந்தாலும் நான் மறுக்கப் போவதில்லை. அத்துடன் மருத்துவமனைக்கு வழியும் சொல்லியனுப்புவேன். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல.