படுக்கையிலிருந்தே கட்டும் உலகம்

நீண்ட நாட்கள் மருத்துவமனையில் தங்கும் குழந்தைக்குத் தானாக முடிவெடுக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. எப்போது எழ வேண்டும், எந்தக் கையில் ஊசி ஏற வேண்டும், எதை உண்ணக் கூடாது, யார் பார்க்க வரலாம் என அனைத்தையும் பிறரே தீர்மானிக்கின்றனர். சிகிச்சைக்கு இது தேவைதான். ஆயினும் வாரக்கணக்கில் இந்நிலை நீடிக்கும்போது, துறுதுறுவென்றிருந்த குழந்தைகூட எதைக் கேட்டாலும் பதில் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வதை எங்கள் குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் காண்கிறோம். அத்தகைய குழந்தைகளுக்குத் துணையாகக்கூடிய ஒரு வீடியோ விளையாட்டைப் பற்றியதே இக்கட்டுரை.

துணிப் பொம்மையின் பயணம்

'லிட்டில் பிக் பிளானட்' இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டு நகரிலுள்ள மீடியா மாலிக்யூல் நிறுவனத்தின் படைப்பு. 2008ஆம் ஆண்டு சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் 3 கருவிக்காக இதை வெளியிட்டது. இதன் நாயகன் 'சாக்பாய்', நூலால் பின்னப்பட்டு முன்புறம் ஜிப் தைத்த சிறு பொம்மை. அட்டை, மரம், துணி, ஸ்பாஞ்சு போன்றவற்றாலான உலகில் அது ஓடித் தாவி, ஸ்பாஞ்சைப் பற்றித் தொங்கி, பெட்டிகளை இழுத்துப் படியாக்கி, புதிர்களை விடுவித்து மறுமுனையை அடைய வேண்டும். குருதி சிந்தும் காட்சிகள் இல்லை. நால்வர் வரை ஒரே திரையில் சேர்ந்து விளையாடலாம்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. பொத்தான்களை அழுத்தி, பொம்மையின் முகத்தில் மகிழ்ச்சி, துயரம், கோபம், அச்சம் ஆகியவற்றை வரவழைக்கலாம். மேலும் அழுத்தினால் அவ்வுணர்ச்சி மிகும். தன் மனநிலையைச் சொல்லத் தயங்கும் குழந்தையிடம், "இன்று சாக்பாயின் முகம் எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள்.

கட்டுபவர் குழந்தையே

'லெவல்' எனப்படும் ஆட்டக்களங்களை நாமே கட்டுவதற்கான கருவிகளே இவ்விளையாட்டின் தனிச்சிறப்பு. விளையாட்டில் காணும் அதே பொருட்களைக் கொண்டு பாலம், ஊஞ்சல், சக்கர வண்டி என விரும்பியதை அமைக்கலாம். எடை, உராய்வு, ஈர்ப்பு விசை அனைத்தும் அங்கே செயற்படுவதால், சக்கரம் சரியாகப் பொருந்தாவிட்டால் வண்டி கவிழும். அப்போது காலத்தை நிறுத்தி, பின்னோக்கிச் சென்று, மீண்டும் முயலலாம்.

பொம்மை தடையில் சிக்கி அழிந்தால், கடைசியாகக் கடந்த மீள்வாயிலிலிருந்து மறுபடி புறப்படும். அவ்வாயில்களை எங்கெங்கே வைப்பது என்பதைக் கட்டுபவரே தீர்மானிக்கிறார். அதற்கு, விளையாட வருபவர் எங்கே தடுமாறுவார், எங்கே சலிப்படைவார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நாள் முழுதும் பிறரின் பராமரிப்பைப் பெறும் குழந்தை, அந்த நேரத்தில் இன்னொருவருக்காக அக்கறை கொள்கிறது. மருத்துவராக நான் இதைப் பெரிதும் மதிக்கிறேன்.

எங்கள் பிரிவில் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒரு சிறுவன் தன் தங்கைக்காக ஒரு களத்தைக் கட்டினான். பார்வையாளர் நேரத்தில் வந்த அவள் ஒரே பள்ளத்தில் திரும்பத் திரும்ப விழுந்தாள். மறுநாள் அவன் பள்ளத்தைக் குறுக்கி, அதற்கு முன்பாக ஒரு மீள்வாயிலையும் வைத்திருந்தான். அந்த வாரம்தான், "நாளை ஊசி எத்தனை மணிக்கு?" என்று முதன்முறையாக எங்களிடம் கேட்டான். தன் நாளைத் திட்டமிட அவனுக்கு ஒரு காரணம் கிடைத்திருந்தது.

எதை எதிர்பார்க்கலாம்?

விளையாட்டு நோயைக் குணப்படுத்தாது. புற்றுநோய் கண்ட இளையோருக்கென்றே 'ரீ-மிஷன்' என்னும் விளையாட்டு 2006இல் வெளிவந்தது. 375 பேர் பங்கேற்ற ஆய்வு ஒன்றில், அதை விளையாடியோர் மருந்துகளை ஒழுங்காக உட்கொள்வதில் முன்னேற்றம் காணப்பட்டது. அது நோயைப் பற்றிக் கற்பிக்கவே அமைக்கப்பட்டதாகும். அம்முடிவைப் பிற விளையாட்டுகளுக்கும் அப்படியே பொருத்த இயலாது. சிகிச்சைக் காலத்தைக் குழந்தை தாங்கிக்கொள்ள உதவும் துணையாக மட்டுமே விளையாட்டைக் கருதுங்கள்.

கவனிக்க வேண்டியவை

• கன்ட்ரோலரை ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் கிருமிநாசினித் துணியால் துடையுங்கள். எதைப் பயன்படுத்தலாம் என்று செவிலியரிடம் கேளுங்கள்.

• ஊசி ஏற்றிய இடத்தில் வலியோ வீக்கமோ தோன்றினால் விளையாட்டை நிறுத்தி உடனே தெரிவியுங்கள்.

• வின்கிரிஸ்டின் மருந்து சிலருக்கு விரல்களில் மரத்துப்போதலையும் பலவீனத்தையும் உண்டாக்கும். முன்பு எளிதாக அழுத்திய பொத்தானை இப்போது அழுத்தச் சிரமப்பட்டால் மருத்துவரிடம் கூறுங்கள்.

• வலிப்பு நோய் உள்ள குழந்தை விளையாடத் தொடங்குமுன் மருத்துவரைக் கலந்தாலோசியுங்கள்.

• ஸ்டீராய்டு மருந்துகள் தூக்கத்தைக் கெடுக்கக்கூடும். எனவே உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரையை அணைத்துவிடுங்கள்.

• காய்ச்சலோ சோர்வோ உள்ள நாளில் வற்புறுத்த வேண்டாம்.

கருவி இல்லாவிட்டால்

இத்தகைய கருவிகள் விலை மிகுந்தவை. வாங்க இயலாதோர் வருந்த வேண்டியதில்லை. 1985இல் வெளிவந்த புகழ்பெற்ற 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டின் களங்களை, அதை ஆக்கியவர்கள் முதலில் கட்டத்தாளில்தான் வரைந்தனர். கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்றும் பென்சிலும் போதும். குழந்தை பள்ளங்களையும் படிகளையும் வரையட்டும். உங்கள் விரல் அங்கே நடந்து செல்லட்டும்.

திரையிலாயினும் தாளிலாயினும், குழந்தை கட்டிய களத்தில் பெற்றோராகிய நீங்கள் முழு மனத்துடன் விளையாடுங்கள். "நன்றாயிருக்கிறது" என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். எங்கே விழுந்தீர்கள், எங்கே வழி தெரியாமல் நின்றீர்கள் என்று சொல்லுங்கள். அதைத் திருத்துவதா, அப்படியே விடுவதா என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும்.