வளத் திட்டமிடல் மென்பொருளும் வணிகப் பயனும்

ஒரு வணிக நிறுவனத்திலே கொள்வனவு, உற்பத்தி, களஞ்சியம், விற்பனை, கணக்கு எனப் பல பகுதிகள் உள. ஒவ்வொரு பகுதியும் தனக்கெனத் தனியேடு வைத்திருக்குமாயின், ஒரே பொருளுக்குப் பல கணக்குகள் தோன்றும். ஆயிரம் பெட்டி தருவதாக விற்பனைப் பகுதி வாக்களிக்க, களஞ்சியத்தில் அறுநூறே இருத்தலுங் கூடும். இக்குறையை நீக்க எழுந்ததே நிறுவன வளத் திட்டமிடல் மென்பொருள். ஒருமுறை பதியப்படும் செய்தி எல்லாப் பகுதிகளுக்கும் பொதுவாதலே இதன் உயிர்நிலை. ஐ.பி.எம். நிறுவனத்தை விட்டு நீங்கிய ஐவர் 1972 ஆம் ஆண்டில் ஜேர்மனியிலே தொடங்கிய எஸ்.ஏ.பி. நிறுவனம் இத்துறையிற் பெரும்பெயர் பெற்றது.

ஆயினும், மென்பொருளை வாங்குதல் வேறு. அதனாற் பயன் பெறுதல் வேறு. அமெரிக்காவிலுள்ள ஹேர்ஷி சொக்கலேற் நிறுவனத்தின் வரலாறு இதனை நன்கு விளக்கும். அந்நிறுவனம் 112 மில்லியன் டொலர் செலவில் எஸ்.ஏ.பி. உட்பட மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களை இணைத்து அமைக்க முற்பட்டது. 2000 ஆம் ஆண்டு பிறக்குமுன் முடித்தல் வேண்டுமென, நான்காண்டுப் பணி இரண்டரை ஆண்டுகளுள் ஒடுக்கப்பட்டது. 1999 யூலையிற் புதிய முறை முழுமையாக இயங்கத் தொடங்கியது. ஒக்ரோபர் இறுதியில் வரும் ஹலோவீன் விழாவுக்காகக் கடைக்காரர் இனிப்புப் பண்டங்களைப் பெருவாரியாகக் கேட்கும் காலம் அதுவே. பண்டம் இருந்தும் உரிய நாளிற் கடைகளைச் சென்று சேரவில்லை. ஏறத்தாழ 100 மில்லியன் டொலர் பெறுமதியான கட்டளைகள் நிறைவேறாது போயின. அவ்வாண்டின் மூன்றாங் காலாண்டு இலாபம் 19 சதவீதம் வீழ்ந்தது.

குற்றம் மென்பொருளினதோ எனின், அன்று. அதே நிறுவனம் 2002 ஆம் ஆண்டில் எஸ்.ஏ.பி. மென்பொருளின் புதிய பதிப்புக்கு மாறியபோது, போதிய சோதனைகளை நடத்தி, திட்டமிட்ட செலவினுங் குறைந்த செலவில் அதனை முடித்தது. கருவி ஒன்றே, ஆயத்தமே வேறு.

மற்றொரு சான்று ஜேர்மனியின் லிடில் கடை நிறுவனம். அது கையிருப்பைக் கொள்விலையால் மதிப்பது. மென்பொருளோ விற்பனை விலையால் மதிக்குமாறு அமைந்தது. லிடில் தன் வழக்கத்தைக் கைவிடாது மென்பொருளையே மாற்ற விழைந்தது. 2011 இல் தொடங்கிய பணி 2018 இற் கைவிடப்பட்டது. செலவு ஏறத்தாழ 500 மில்லியன் யூரோ எனச் செய்தித்தாள்கள் மதிப்பிட்டன.

ஆகவே, பயன் விரும்பும் நிறுவனம் முதற்கண் தன் நடைமுறைகளுள் எவை இன்றியமையாதன, எவை வெறும் பழக்கம் என ஆராய்தல் வேண்டும். அடுத்து, பதிவுகள் மெய்யானவையாதல் வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. களஞ்சியத்தில் இல்லாத பெட்டி கணினியில் இருந்தும் பயனில்லை. பதிவோர்க்குப் போதிய பயிற்சியும், நெருக்கடியில்லாத பருவத்திலே தொடங்கும் பொறுமையும் வேண்டும். கையிருப்பு எவ்வளவு குறையும், கட்டளைகள் எத்தனை நாளில் நிறைவேறும் என முன்னரே வரையறுத்துப் பின்னர் அளந்து பார்த்தலும் வேண்டும். இவற்றைச் செய்யாத நிறுவனம் பழைய குழப்பத்தையே விரைவாகவும் பெருஞ்செலவிலும் நடத்தும். செய்யும் நிறுவனமோ தன் பொருளின் நிலையை உள்ளவாறு அறிந்து, கொடுத்த வாக்கைக் காக்கும் வன்மை பெறும்.