கடல் கடந்த கூட்டுத் தொண்டு: போலந்து நாட்டுச் சிறுவர் ஆங்கில முகாம்கள்

கூட்டுறவு என்றவுடன் நூல் கொள்முதலும், பயிர்க் கடனும், ஆண்டிறுதிப் பங்காதாயமும் நம் அங்கத்தினர்களின் நினைவுக்கு வருதல் இயல்பே. எனினும், 1995ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரில் கூடிய சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டணி வகுத்தளித்த ஏழு கொள்கைகளுள் ஐந்தாவது கல்வியைப் பற்றியது. ஏழாவது சமுதாய நலனைப் பற்றியது. பொருளைக் கூட்டாக வாங்கவும் விற்கவும் இயலுமாயின், அறிவையும் கூட்டாக அளிக்க இயலும் என்பதே இவற்றின் உட்பொருள்.

அவ்வாறு அளிப்பதற்குப் பலர் குழுவாகச் சேர்ந்து அயல்நாடு சென்று, சம்பளம் பெறாது, அங்குள்ள சிறுவர்களுக்கு ஒரு மொழியைப் பழக்கிவரும் வழக்கம் உலகில் உண்டு. சில வாரங்களே தங்கித் திரும்பும் இத்தகைய தொண்டினால் நிலைத்த பயன் ஏதேனும் விளையுமா? அன்றி, அது தொண்டின் பெயரால் நடைபெறும் உல்லாசப் பயணந்தானா? இவ்வினாவுக்கு விடை காண, போலந்து நாட்டின் அனுபவம் பெரிதும் உதவும்.

தேவை எழுந்த வரலாறு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் ஆதிக்கத்தில் இருந்த போலந்தில், ஐந்தாம் வகுப்பு முதல் ரஷ்ய மொழி கட்டாயப் பாடமாக இருந்தது. 1989இல் ஆட்சி மாறியது, கட்டாயமும் நீங்கியது. பெற்றோர் தம் மக்களுக்கு ஆங்கிலமும் ஜெர்மனும் வேண்டும் என்றனர். ஆனால் பள்ளிகளில் நிறைந்திருந்தவர்களோ ரஷ்ய மொழி ஆசிரியர்கள். பருத்தித் தறிகளே நிறைந்த ஓர் ஊரில், ஒரே நாளில் எல்லோரும் பட்டுச் சேலை கேட்டால் எத்தகைய நெருக்கடி உண்டாகுமோ, அத்தகைய நெருக்கடி அங்கு உண்டாயிற்று.

அந்நாட்டினர் இதைப் பல வழிகளிலும் சமாளிக்க முனைந்தனர். 1990 முதல் மூன்றாண்டுக் காலப் பயிற்சிக் கல்லூரிகளை நிறுவி, புதிய மொழியாசிரியர்களை உருவாக்கினர். அவ்வாண்டிலேயே அமெரிக்காவின் அமைதிப் படைத் தொண்டர்களையும் வரவேற்றனர். 1991இல் நியூயார்க் நகரிலுள்ள கொஸ்யூஷ்கோ அறநிலையம், போலந்தின் யுனெஸ்கோ குழுவுடன் இணைந்து, கோடை விடுமுறையில் சிறுவர்களுக்கான ஆங்கில முகாம்களைத் தொடங்கிற்று.

அவ்வறநிலையத்தின் பெயரே ஒரு தொண்டரின் பெயர்தான். ததேயுஷ் கொஸ்யூஷ்கோ போலந்து நாட்டுப் பொறியியல் வல்லுநர். அவர் 1776இல் தாமாகவே கடல் கடந்து சென்று அமெரிக்க விடுதலைப் போரில் பணியாற்றினார். வெஸ்ட் பாயின்ட் அரண்களை அமைத்தார். தாயகம் திரும்பி, 1794இல் அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்து எழுந்த கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய போது, பண்ணையடிமைகளாக உழன்ற உழவர்களின் சுமையைக் குறைத்துப் பிரகடனம் செய்தார். அமெரிக்காவில் தமக்கு இருந்த உடைமையைக் கொண்டு நீக்ரோ அடிமைகளை விடுவித்துக் கல்வி அளிக்க வேண்டுமென 1798இல் உயில் எழுதி வைத்தார். அவர் பெயரால் 1925இல் நிறுவப்பட்ட அறநிலையம் அமெரிக்காவிலிருந்து தொண்டர்களைப் போலந்துக்கு அனுப்பியது, பழைய கடனைத் திருப்பிச் செலுத்தியது போன்றதாகும்.

முகாம் நடைபெறும் விதம்

விடுமுறையில் காலியாக உள்ள பள்ளிக்கூடமும் அதன் விடுதியுமே முகாமாக மாறும். அமெரிக்க ஆசிரியர்கள் பொறுப்பேற்பர். அவர்களுக்கு உதவியாக இளைஞர் சிலர் வருவர். விமானக் கட்டணத்தைத் தொண்டர்கள் தாமே செலுத்த வேண்டும். உணவும் உறைவிடமும் அழைத்தவர் பொறுப்பு. இவ்வாறு இரு சாராரும் தத்தம் பங்கைச் செலுத்துவதைப் பங்குத் தொகை கட்டிச் சங்கம் நடத்தும் நாம் எளிதில் உணரலாம்.

காலையில் பாடம், பிற்பகலில் விளையாட்டும் கைவேலையும் பாட்டும், மாலையில் நாடகம் முதலியன. சிறுவர்கள் சிறு சிறு குழுக்களாகப் பிரிக்கப்படுவர். உள்ளூர் ஆசிரியர்களும் உடனிருப்பர். பாடநூலில் பார்த்த சொல்லைப் பந்து எறியும்போதும், உணவு பரிமாறும்போதும், காகிதம் வெட்டும்போதும் சிறுவர்கள் வாயால் வழங்க வேண்டும் என்பதே இவ்வேற்பாட்டின் நோக்கம்.

பேச்சு பிறக்கும் வகை

இரண்டு மூன்று வாரங்களில் ஒரு மொழியைக் கற்பிக்க எவராலும் இயலாது. ஆனால் பேசுவதற்குள்ள அச்சத்தைப் போக்க இயலும். இலக்கணப் பயிற்சியில் முழு மதிப்பெண் பெற்ற சிறுமி, ஓர் அந்நியர் எதிரில் நின்றதும் ஊமையாவது எந்நாட்டிலும் காணக்கூடியதே. வந்த தொண்டருக்குப் போலந்து மொழி தெரியாது என்பதே இங்கு நன்மையாக முடிகிறது. தண்ணீர் வேண்டுமானாலும் பந்து வேண்டுமானாலும் ஆங்கிலத்தில் கேட்டால்தான் கிடைக்கும். தேவை நாவை அசைக்கிறது.

போலந்து மொழியின் இயல்பை அறியாத தொண்டர் வீணே பொறுமை இழப்பர். அம்மொழியில் ஏழு வேற்றுமைகள் உண்டு. ஆங்கிலத்தில் பெயர்களுக்கு முன் வரும் ‘ஏ’, ‘தி’ போன்ற சுட்டுச் சொற்கள் கிடையா. ஆகவே சிறுவர்கள் அவற்றை விட்டுவிடுவர். வயதைக் கேட்டால், ‘எனக்குப் பத்து ஆண்டுகள் உள்ளன’ என்னும் தம் மொழியின் போக்கிலேயே, ‘ஐ ஹாவ் டென் இயர்ஸ்’ என்பர். அவ்விடத்தில் பேச்சை நிறுத்தி இலக்கணம் சொன்னால், மலர்ந்த முகம் வாடிவிடும். ‘ஓ, யூ ஆர் டென்!’ என்று மகிழ்ச்சியுடன் திருப்பிச் சொன்னால், திருத்தமும் நிகழும், உரையாடலும் தொடரும்.

சொல்லோடு செயலை இணைப்பது மற்றொரு முறை. ‘எழுந்திரு’, ‘கதவைத் திற’, ‘சிவப்புத் தாளை எடு’ என ஆசிரியர் சொல்லிச் செய்து காட்ட, சிறுவர் தாமும் செய்வர். ஜேம்ஸ் ஆஷர் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர் 1960களில் இம்முறையை ஆராய்ந்து விளக்கினார். தாய்மொழியைக் குழந்தை கற்பதும் இவ்வாறே: முதலில் கேட்டுச் செய்கிறது, பிறகே பேசுகிறது.

குழுவின் கட்டுப்பாடு

கூட்டுத் தொண்டுக்கு ஒரு பழைய வழிகாட்டி உண்டு. முதல் உலகப் போரில் அழிந்த பிரெஞ்சுக் கிராமமாகிய எஸ்னில், 1920இல் பியர் செரெசோல் என்னும் சுவிஸ் பொறியியலாளர் சிறு குழுவொன்றைக் கூட்டி வீடுகளைச் செப்பனிட்டார். நேற்றைய பகைவராகிய ஜெர்மானியரும் அக்குழுவில் இருந்தனர். அதினின்றே சர்வதேச சிவில் சேவை இயக்கம் வளர்ந்தது. 1934ஆம் ஆண்டின் பீஹார் பூகம்பத்துக்குப் பின் செரெசோல் நம் நாட்டுக்கும் வந்து, அங்கு கிராமங்களை மீண்டும் அமைக்கும் பணியில் உழைத்தார். உள்ளூராரின் விருப்பத்துக்கு இணங்கி, அவர்களோடு சேர்ந்து உழைப்பதே அவ்வியக்கத்தின் நெறி.

மொழி முகாமுக்கும் இந்நெறி பொருந்தும். தனியொருவர் திறமையால் வகுப்பு ஒன்று சிறக்கலாம், முகாம் சிறக்காது. பாடுபவர், படம் வரைபவர், பந்தாடுபவர், பொறுமையாகக் கேட்பவர் என நால்வர் கூடினால்தான் பலவகைச் சிறுவருக்கும் இடம் உண்டாகும். ஒவ்வோர் இரவும் குழு கூடி அன்றைய பணியை ஆராய்ந்து, மறுநாள் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளுதல் அவசியம். சிறுவருடன் பழகத் தகுதியுடையவர்தாமா என்று ஒவ்வொரு தொண்டரையும் முன்கூட்டி விசாரித்தலும் அவசியமே. போலந்தில் 2024இல் நடைமுறைக்கு வந்த சட்டம், சிறுவரைப் பேணும் நிலையங்கள் யாவும் பாதுகாப்பு விதிகளை எழுதி வைத்துக் கடைப்பிடிக்க வேண்டுமென விதிக்கிறது. நல்லெண்ணம் ஒன்றே போதிய சான்று ஆகாது என்பதை அச்சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

வரவும் செலவும்

இத்தொண்டின் குறைகளையும் மறைத்தல் கூடாது. கடல் கடந்து வரும் ஒருவரது விமானக் கட்டணத்தைக் கொண்டு உள்ளூர் ஆசிரியர் ஒருவருக்கு உதவியிருக்கலாமே என்பது நியாயமான கேள்வி. சில வாரங்களில் பாசம் கொண்ட குழந்தைகளை விட்டு, மீண்டும் வராமலே தொண்டர் மறைந்துவிடுவதும் உண்டு. உள்ளூர் ஆசிரியரை ஒதுக்கிவிட்டு, ஆங்கிலத்தைத் தாய்மொழியாக உடையவர் என்ற காரணத்தால் மட்டுமே விருந்தினரை உயர்த்திவைத்தால், முகாம் முடிந்ததும் அவ்வாசிரியரின் மதிப்புக் குறைந்திருக்கும். அது நன்மை அன்று, நஷ்டமே.

தறியில் பாவு நிலையாக நிற்க, நாடா ஊடையைச் சுமந்து வந்து போகிறது. பாவு தளர்ந்திருந்தால் நாடா எத்துணை வேகமாக ஓடினாலும் துணி உண்டாகாது. முகாமில் பாவாக நிற்பவர் உள்ளூர் ஆசிரியர். வந்து செல்லும் தொண்டர் ஊடை. ஆசிரியர் உடனிருந்து புதிய முறைகளைக் கண்டு, பள்ளி திறந்த பின் தம் வகுப்பில் கையாளுவாராயின், மூன்று வார உழைப்பு ஆண்டு முழுவதும் பலன் தரும். அவர் இல்லையெனில், பாட்டும் கைத்தட்டலும் அடங்கியதோடு எல்லாம் அடங்கிவிடும்.

போலந்து இவ்வுண்மையை உணர்ந்து நடந்தது. தொண்டரை வரவேற்ற அதே ஆண்டில் தன் சொந்த ஆசிரியர்களைப் பயிற்றவும் தொடங்கிற்று. ஆகவே அமைதிப் படை தன் பணி நிறைவுற்றதாகக் கருதி 2001இல் அந்நாட்டினின்று விடைபெற்றது. 2004இல் போலந்து ஐரோப்பிய யூனியனில் சேர்ந்தபோது, ஆங்கிலம் பயின்ற தலைமுறை ஒன்று வாயிலில் நின்றது. அத்தலைமுறையை உருவாக்கியதில் பெரும்பங்கு அந்நாட்டு ஆசிரியர்களுக்கே உரியது. வந்து உதவியவர்களுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு.

நம் சங்கங்களும் கோடை விடுமுறையில் அங்கத்தினர்களின் குழந்தைகளுக்காகத் தொண்டர் குழு ஒன்றை அழைக்க நினைக்கலாம். நம் இளைஞர்களை வேற்றூருக்கு அனுப்பவும் நினைக்கலாம். அப்போது நிர்வாகக் குழுவினர் மூன்று வினாக்களை முதலில் எழுப்புவார்களாக: அழைத்தவர் யார்? உள்ளூர் ஆசிரியருக்கு இதில் உள்ள இடம் யாது? குழு சென்ற மறுநாள் இப்பணியைத் தொடர்பவர் யார்? இம்மூன்றுக்கும் தெளிந்த விடை கிடைத்தால், செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் வித்தாகும். விடை கிடைக்காவிடில், கிடைக்கும் வரை பொறுத்திருப்பதே விவேகம்.