கடலோரத்தில் கண் திறந்த குமரன் ஆலயம்

அலைவாயில் வீற்றிருக்கும் செந்திலாண்டவனை அறியாத முருகனடியார் இலர். ஆயின் தமிழகக் கடலோரத்திலே, பல நூற்றாண்டுகள் மணலுக்குள் மறைந்திருந்த மற்றொரு முருகன் ஆலயத்தை நம்மவருள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். மாமல்லபுரத்திற்குச் சில கிலோமீட்டர் வடக்கே, புலிக்குகைக்கு அண்மையில் உள்ள சாளுவன்குப்பத்தில் அது அமைந்துள்ளது.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை நமது பினாங்கு, கெடா கரைகளிலும் உயிர்களைக் கொண்டு சென்றதை நாம் மறக்கவில்லை. அதே அலை சாளுவன்குப்பத்தில் ஒரு பாறையை மூடியிருந்த மணலை அரித்துச் சென்றது. பாறையில் எழுத்துகள் தெரிந்தன. கன்னரதேவன் என்று கல்வெட்டுகள் குறிக்கும் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்தில், அதாவது 10-ஆம் நூற்றாண்டில், திருவீழ்ச்சில் என்னும் ஊரின் சுப்பிரமணியர் கோயிலுக்கு வழங்கப்பட்ட கொடையை அவை கூறின. திருவீழ்ச்சில் என்பது சாளுவன்குப்பத்தின் பழம்பெயரே. அங்ஙனமாயின் கோயில் எங்கே?

இந்தியத் தொல்லியல் துறையினர் 2005-இல் அருகிலிருந்த மணல்மேட்டை அகழ்ந்தனர். பல்லவர் காலக் கருங்கல் கட்டுமானமும், அதற்கும் அடியில் செங்கல்லால் ஆன மிகப் பழைய கருவறையும் வெளிப்பட்டன. வடக்கு நோக்கிய சந்நிதி. அதன் முன்னே கல்லில் வடித்த வேல். செங்கற்கோயில் சங்க காலத்தது என்பது அகழ்ந்தோர் கருத்து. மண்ணடுக்குகளில் காணப்பட்ட கடல் மணலையும் சிப்பிகளையும் கொண்டு, முன்னொரு காலத்தில் கடல் அலைகளே அக்கோயிலை வீழ்த்தியிருக்கலாம் என்றும் அவர்கள் கருதினர். தூண் கல்வெட்டொன்று, விளக்கெரிக்க ஒரு பெண்மணி 16 கழஞ்சு பொன் ஈந்ததைத் தெரிவிக்கின்றது. நம் ஆலயங்களில் விளக்குப் பூசைக்கு உபயம் எழுதிக் கொடுக்கும் தாய்மார்களின் முன்னோடி அவர்!

அந்த எழுத்து இல்லையேல் இந்த மேட்டில் ஒரு கோயில் உண்டென்று தேடுவார் யார்? இதனை எழுதுகையில் எங்கள் ஆலயத்தின் குறையொன்றும் நினைவுக்கு வருகின்றது. முதல் உபயகாரர்களின் பெயர் பொறித்த பழைய பலகைக்கல் ஒரு திருப்பணியின்போது அகற்றப்பட்டது. பிறகு அது கிடைக்கவேயில்லை. ஒரு புகைப்படம்கூட எவரிடமும் இல்லை. கடல் செய்ததன்று, நாமே செய்தது.

கடல் திறந்து காட்டியதைக் கடலே மீண்டும் கொண்டுபோகவும் கூடும். கிழக்குக் கரையில் அலைகள் மணலை ஆண்டு முழுவதிலும் கணக்கிட்டால் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. இடையில் துறைமுகச் சுவர் ஒன்று எழும்பினால் அதன் தெற்கே மணல் சேரும். வடக்கே கரை அரிக்கப்படும். சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டபின் மெரீனா அகன்றதும், வடக்கே இராயபுரக் கரை தேய்ந்ததும் இவ்வாறே.

தரங்கம்பாடியில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்த மாசிலாமணிநாதர் ஆலயத்தின் முன்பகுதி கடலில் சரிந்து போயிற்று. மாமல்லபுரத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கடற்கரைக் கோயிலோ, பெரும்பாறைகளைக் கொட்டி அமைத்த தடுப்பினாலும், காற்றைத் தணிக்கும் சவுக்கு மரங்களாலும் காக்கப்பட்டு வருகின்றது. கருங்கல்லில் ஊறிய உப்பைக் காகிதக் கூழ் பூசி உறிஞ்சியெடுக்கும் பணியும் அங்கு நடைபெற்றுள்ளது. நோயாளிக்குப் பற்றுப் போடுவது போன்ற பொறுமையான வேலை அது.

எனினும் தடுப்பு மட்டும் போதாது. இடைவிடாத கண்காணிப்பு வேண்டும். அசையாத ஒரு கல்லைக் குறியாகக் கொண்டு, அங்கிருந்து கரையின் விளிம்பு எத்தனை அடி என்று அளந்து தேதியுடன் எழுதி வைக்கின்றனர். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் அளந்தால்தான் புயலலை எடுத்துச் சென்றது எவ்வளவு, திரும்பக் கொணர்ந்தது எவ்வளவு என்று தெரியும். ஒரே இடத்தில் நின்று ஆண்டுதோறும் எடுக்கும் புகைப்படமும் நல்ல சான்றாகும். இப்பொழுது செயற்கைக்கோள் படங்களும் டுரோன் கருவியும் உதவுகின்றன. பழைய வரைபடங்களும் பயன் தருகின்றன. தரங்கம்பாடியில் டென்மார்க் நாட்டார் வரைந்த படத்தை இன்றைய கரையோடு ஒப்பிட்டே கடல் எவ்வளவு உள்ளே வந்தது என்பதை ஆய்வாளர் கணித்தனர்.

தமிழகத் திருத்தல யாத்திரை செல்லும் அன்பர்கள் மாமல்லபுரத்தோடு திரும்பிவிடாமல் சாளுவன்குப்பத்திற்கும் செல்லுதல் வேண்டும். கோபுரமோ அர்ச்சனைச் சீட்டோ அங்கு எதிர்பார்க்க வேண்டாம். அடித்தளமும் தூண்களும் வேலுமே உள்ளன. பிரசாதம் என்றெண்ணிச் செங்கல் துண்டு ஒன்றையும் எடுத்து வந்துவிடாதீர்கள். அந்தக் கல் வேலின் எதிரே நின்று ஒரு படம் எடுங்கள். அதன் பின்புறத்தில் நாளையும் ஆண்டையும் மறவாமல் எழுதி வையுங்கள்.