சுவரில் தொங்கும் வாள்

வாள் என்றவுடன் நம் வாசகர்களின் மனக்கண்முன் தோன்றுவன கோயில் சுரூபங்களே. புனித சின்னப்பரின் கையில் வாள். அதிதூதர் மிக்கேலின் கையில் வாள். வியாகுல மாதாவின் நெஞ்சில் ஏழு வாள்கள். பாஸ்கா நாடகம் நடைபெறும் ஊர்களில், ரோமைப் படைவீரராக வேடம் பூண்ட இளைஞர்களின் இடுப்பில் தகரத்தாலும் அட்டையாலும் ஆன வாள்களையும் கண்டிருப்போம். இவை யாவும் வெட்டாத வாள்கள். ஆனால் மெய்யான எஃகினால் ஆன வேறொரு வாள் இப்பொழுது நம் இல்லங்களுக்குள் நுழைந்திருக்கிறது.

திருவான்மியூர், பெசன்ட் நகர், அடையாறு ஆகிய பகுதிகளின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், முன்பு நாட்காட்டி தொங்கிய சுவரில் ஐரோப்பிய இடைக்கால வீரனின் நீண்ட வாள் ஒன்று தொங்குவதை இக்காலத்தில் காணக்கூடும். தொலைக்காட்சித் தொடர்களும் கணினி விளையாட்டுகளும் வளர்த்துவிட்ட ஆசை இது. பழைய வாளின் அளவையும் அமைப்பையும் பின்பற்றிப் புதிதாகச் செய்யப்படும் இவற்றை நகல் வாள்கள் என்பர். போலி என்று கூறுதல் பொருந்தாது. பழையது எனப் பொய் கூறி விற்பதே போலி. இன்று செய்தது என ஒப்புக்கொண்டு விற்பது நகல்.

இவ்வாள்களை வாங்குவோர் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. ஐரோப்பிய வீரனின் வாள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வருவதில்லை. இமயத்தின் அடிவாரத்தில் உள்ள டேராடூனிலிருந்தே வருகிறது! அந்நகரின் விண்ட்லாஸ் ஸ்டீல்கிராஃப்ட்ஸ் நிறுவனம், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943-ஆம் ஆண்டில், கூர்க்காப் படையினருக்குக் குக்ரிக் கத்திகள் செய்து தரத் தொடங்கப்பட்டது. இன்று பல நாட்டுப் படைகளின் அணிவகுப்பு வாள்களும், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சேகரிப்போர் விரும்பும் இடைக்கால நகல்களும் அங்கே உருவாகின்றன. உலகிற்கு வாள் செய்து கொடுக்கும் நாடு நம்முடையது. ஆயினும் நம் வீட்டுச் சுவரில் நம் நாட்டு வாள் இல்லை. இதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

நல்ல நகலை அறிவது எவ்வாறு?

கடையில் மினுமினுக்கும் வாள்களுள் பெரும்பாலானவை துருப்பிடிக்காத எஃகினால் ஆனவை. சமையலறைக் கத்திக்கு அவ்வுலோகம் நன்று. முழு நீள வாளுக்கு ஆகாது. ஓங்கி அடித்தால் ஒடிந்து தெறிக்கக் கூடும். தரமான நகல்களைக் கரிமம் சேர்ந்த வில்லெஃகினால் செய்வர். நம் ஊர்க் கொல்லர்கள் அரிவாள் அடிக்கப் பழைய லாரிகளின் அடியில் உள்ள பட்டையைத் தேடுவதும் இதே காரணத்தினால்தான். வளைந்தாலும் மீண்டும் நிமிரும் குணம் அதற்கு உண்டு.

அடுத்து நோக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத பகுதி. வாளின் அலகு கைப்பிடியோடு முடிந்துவிடுவதில்லை. அதன் பின்பகுதி ஒடுங்கிக் கைப்பிடிக்குள் சென்று, அடியிலுள்ள குமிழைத் துளைத்து வெளிவர வேண்டும். மலிவான வாள்களில் அவ்விடத்தில் ஒரு மெல்லிய கம்பியைப் பற்றவைத்து மறைத்துவிடுகிறார்கள். விளையாட்டாக ஒருமுறை வீசினாலும் அலகு தனியே பறந்துவிடும். எதிரே நிற்பது யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.

எடையைப் பற்றியும் தவறான எண்ணம் நிலவுகிறது. இடைக்கால வாள் தூக்க முடியாத பாரமுடையது என்பது கதை. ஒருகையால் வீசும் வாள் பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ எடையே உடையது. அலகின் நடுவே ஓடும் பள்ளத்தை இரத்தம் வடிவதற்கு என்று சொல்வதும் கட்டுக்கதை. பாரம் குறைய வேண்டும், விறைப்பு குறையலாகாது, அதற்காகவே அப்பள்ளம்.

வாங்கிய வாளை அப்படியே வைத்திருக்க ஆர்வலர்கள் விரும்புவதில்லை. கைப்பிடியைக் கழற்றி, புதிய மரம் செதுக்கி, அதன்மேல் சணல் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, ஈரத் தோலை ஒட்டி, உலரும்வரை மீண்டும் கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறார்கள். கட்டவிழ்த்தபின் தோலில் வரிவரியாக எழும் மேடுகள் பிடிக்கு இதமானவை. சிலர் குமிழை மாற்றுவர். சிலர் காடியில் ஊறவைத்துப் பளபளப்பைப் போக்குவர். கைவேலை மறந்துவரும் இந்நாளில், விடுமுறை நாளில் ஓர் இளைஞன் உளியும் அரமும் பிடிப்பது எனக்கு மகிழ்ச்சியே தருகிறது.

பறங்கி அலகும் நம் கைப்பிடியும்

பிறர் செய்த அலகைத் தம் விருப்பப்படி மாற்றியமைப்பது நம்மவர்க்குப் புதிதன்று. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் போர்த்துக்கீசியர் முதலிய வணிகர் வழியாக ஐரோப்பிய அலகுகள் தென்னாட்டிற்கு ஏராளமாக வந்தன. நம் அரசர்கள் அலகை ஏற்றனர், கைப்பிடியை ஏற்கவில்லை. அதைக் கழற்றியெறிந்து, உள்நாட்டு முறையில் கைப்பிடி அமைத்து, இருபுறமும் எஃகுப் பட்டைகள் வைத்து ஆணியறைந்து பொருத்தினர். தக்காணத்தில் இவ்வகை வாளுக்கு ‘பிரங்கி’ என்றே பெயர். பறங்கிமலை, பறங்கிக்காய் என நாம் வழங்கும் சொல்லும் இதுவும் ஒரே வேரினின்று வந்தவை. அந்நிய வாள்களின் அலகைத் துண்டித்துக் கட்டாரிகளாக்கிய வழக்கமும் தஞ்சையில் இருந்தது. ஜெர்மானிய நகரமாகிய ஸோலிங்கனின் கொல்லர்கள் பொறித்த ஓடும் ஓநாய் முத்திரை, அக்கால இந்திய வாள் அலகுகளில் இன்றும் காணப்படுகிறது.

இத்தகைய படைக்கலங்களின் பெருங்குவியல் தஞ்சை அரண்மனையில் இருந்தது. நாயக்கர் காலம் முதல் மராத்தியர் காலம் வரை சேர்ந்த செல்வம் அது. 1855-இல் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் வாரிசின்றி மறைந்தபின் ஆங்கிலேயர் அரசைக் கைப்பற்றினர். 1863-இல் அப்படைக்கலச் சாலை கலைக்கப்பட்டது. எம். ஜே. வால்ஹவுஸ் என்ற ஆங்கில அதிகாரி சிலவற்றைத் தேர்ந்தெடுத்துச் சென்னை அருங்காட்சியகத்திற்கென ஒதுக்கினார். எஞ்சிய பெருந்தொகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது! யாளி முகமும் கொடிவேலையும் குடைந்த எஃகு, எடைக்கல்லுக்கு எதிரே தராசில் ஏறியது. வால்ஹவுஸ் இதனை 1878-இல் இந்தியன் ஆன்டிக்வரி இதழில் எழுதிவைத்தார். இல்லையேல் நாம் இழந்ததுகூட நமக்குத் தெரிந்திராது. தப்பிய சில கட்டாரிகள் எங்கெங்கோ சென்று, 1935-இல் ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் என்பவரின் உயில் வழியாக நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தை அடைந்தன.

நம் சுவரில் நம் வாள் இல்லாமைக்கு ஒரு காரணம் இதுவே. மாதிரியே கண்ணில் படாதபோது நகலை யார் கேட்பார்? கேட்போர் இல்லாதபோது கொல்லன் எதற்குச் செய்வான்?

அன்று அரசாங்கம் செய்ததை இன்று நாம் அரத்தைக் கொண்டு செய்துவிடக் கூடாது. பாட்டனார் காலத்து வாளோ கட்டாரியோ வீட்டுப் பரணில் கிடந்தால், அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கக் கடைக்குக் கொடுக்காதீர்கள். தென்னாட்டு உருக்கு உலகப் புகழ் பெற்றது. 1795-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் அதைப் பற்றி ஆய்வுரை படித்தார். மூசையில் உருக்கிய அவ்வெஃகின் நீரலை போன்ற வரிகள், சக்கரத்தில் இட்டுத் தேய்த்தால் மறைந்துபோகும். இன்று ‘டமாஸ்கஸ்’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் இருவகை எஃகை அடுக்கி அடித்தது. வரிகள் ஒத்திருப்பினும் அது வேறு. தவிரவும், நூறாண்டு கடந்த பொருள்களுக்கு 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் உண்டு. தனியார் அவற்றை வெளிநாட்டிற்கு அனுப்ப இயலாது. மாற்றியமைக்கும் ஆசையெல்லாம் நகலோடு நிற்கட்டும்.

கடற்கரைவாசிகளுக்குத் தனியே ஒரு சொல். திருவான்மியூர்க் காற்றில் உப்பு உண்டு. கரிம எஃகிற்கு அதுவே பகை. விரல் பட்ட இடத்தை உடனே துடைக்காவிட்டால் அடுத்த நாளே செம்புள்ளி தோன்றும். தேங்காய் எண்ணெய் பூசுவோர் உளர். அது நாளடைவில் பிசினாகிவிடும். தையல் இயந்திரத்திற்கு இடும் எண்ணெயே போதும். மாதமொருமுறை மெல்லிய துணியால் தடவுங்கள். தோலுறையில் இட்டு மூடிவைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி அலகைத் தின்னும். உறை தனியே, வாள் தனியே இருத்தல் நலம்.

சட்டத்தையும் மறக்கலாகாது. முனை மழுங்கிய நகல்தானே என்று எண்ணிக் கடற்கரையில் வீசிப் படமெடுக்கும் இளைஞர்கள், 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் வாள் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருப்பதை அறிவது நல்லது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் விளையாட்டுப் பொருளை விலக்குகிறது. ஆனால் ஆயுதமாக மாற்ற இயலாததாக அது இருத்தல் வேண்டும். எஃகு வாளைத் தீட்டினால் கூராகிவிடுமே! ஆகவே வாங்குமுன் காவல் நிலையத்தில் கேட்டுத் தெளிவதும், விற்பனைச் சீட்டைப் பத்திரப்படுத்துவதும் அவசியம். சிறுவர் உள்ள வீட்டில் கண்ணாடிப் பெட்டியும் பூட்டும் வேண்டும். கூடத்துச் சோபாவின்மேல் ஓர் ஆணியில் தொங்கவிடுவது சற்றும் தகாது.

தஞ்சை வாள்களில் எஞ்சியவை சென்னை எழும்பூரில் பாந்தியன் சாலை அரசு அருங்காட்சியகத்தின் மானிடவியல் பிரிவைச் சேர்ந்தவை. புதுக்கோட்டையிலிருந்து வந்த படைக்கலங்களும் அங்கே உண்டு. அடுத்த நகல் வாளுக்குப் பணம் சேர்க்கும் இளைஞர்கள் ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அங்கே சென்று, கைப்பிடிப் பட்டைகள் அலகைக் கவ்வும் விதத்தையும், ஆணிகள் விழும் இடங்களையும் வரைந்து வரலாம். அப்படத்தைக் கொண்டு தேர்ந்த கொல்லர் ஒருவரால் கைப்பிடி செய்து தர இயலும்; டேராடூன் அலகிலேயே அதைப் பொருத்திக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமைகளில் அருங்காட்சியகத்திற்கு விடுமுறை.